பக்கத்து வீட்டு பேஸ்

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பக்கத்து வீட்டுத் திண்ணைதான். நடுவில் ஒரு மேக்னோலியா மரம், இடுப்பளவு கம்பி வேலி, வேலியில் காயும் துண்டுகள், அதைத் தாண்டி நாலு மரப்படி ஏறினால் அந்தத் திண்ணை. தலைக்குமேல் இருக்கும் பலகைக்கு வெளிர்நீல வர்ணம் அடித்திருப்பார்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கம் அது பழைய வழக்கம்; ஆகாயம் என்று நினைத்துக் குளவி கூடு கட்டாது என்பார்கள் சிலர், கெட்ட ஆவி அண்டாது என்பார்கள் வேறு சிலர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், ஏரிக்குத் தெற்கே, ஜென்டிலி என்கிற பகுதி. அப்பா ஏரிக்கரையில் இருந்த பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினியரிங் சொல்லிக்கொடுத்தார். அம்மா, நான், அப்புறம் திருநெல்வேலியிலிருந்து பார்த்துவிட்டுப் போக வந்து எங்களோடேயே இருந்துவிட்ட ஆச்சி. 1984இல் அந்த ஊரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்குக் கொஞ்சம் முந்திய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்க் காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். ஜாடியில் உப்பு கசியும், பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடும், தீப்பெட்டியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தால்தான் குச்சி பற்றும். "நம்மூருல வெயிலு அடிக்கும்ட்டி, இங்க அவிக்கில்லா செய்யிது" என்று ஆச்சி முந்தானையால் விசிறிக்கொள்வாள். அம்மாவை அந்த ஊரோடு ஒட்டவைத்தது காப்பி. மளிகைக் கடையில் சிக்கரி கலந்த காப்பித்தூள் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம்; உள்நாட்டுப் போரில் துறைமுகம் அடைபட்டு காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது இன்னும் ஊன்றிவிட்டது. இங்கே வந்த முதல் வாரத்தில் அம்மா அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பிறகு வெகுநேரம் யாரோடும் பேசாமல் பில்டரில் தூளை அழுத்திக்கொண்டிருந்தாளாம். அப்பா சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமைகளில் தெரு முழுக்க சிவப்பு பீன்ஸ் வேகும். துணி துவைக்கும் நாளில் அடுப்பில் ஏற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்று வந்த வழக்கம் அது. வெங்காயமும் குடைமிளகாயும் வதங்குகிற வாசனை வரும்வரை ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்; அதற்குப் பின்னால் பன்றி எலும்பின் வாசனை கிளம்பினதும் எழுந்துபோய்ச் சாத்திவிடுவாள். அப்படி ஒரு திங்கட்கிழமை, ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால்தான் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

முதலில் ஒரு 'தொம்'. காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடுகிற சத்தம். அது அடங்குவதற்குள் ஒரு 'டக்', காய்ந்த மரத்தில் கைவைத்துத் தட்டின மாதிரி. தொம், டக், தொம், டக். "ஏட்டி, வாசல்ல யாரோ கதவத் தட்டுதாவ, போய்ப் பாரு" என்றாள் ஆச்சி. வாசலில் யாரும் இல்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில், மேல்சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிய ஒரு பெரியவர், தன்னைவிட உயரமான ஒரு மரப்பெட்டியைத் தோளோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

எழுபது வயதைத் தாண்டியவர். ஆயுள் முழுக்கப் பகலில் சுவருக்குச் சாந்து பூசும் வேலை, ராத்திரியில் பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம். அந்த ஊரில் பூச்சு வேலைக்காரர்கள் பலர் வாத்தியக்காரர்களும்கூட. வீட்டுக்குள் நாங்கள் அவரைத் தாத்தா என்போம், நேரில் நான் சார் என்பேன். அவர் என்னைப் பேபி என்பார், தபால்காரரைப் பேபி என்பார், ஆச்சியையும் பேபி என்றார். அந்த ஊர்ப் பேச்சு அது. ஆச்சி பதிலுக்கு அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை, அந்தப் பக்கம் ஒரு பாஷை. இரண்டு பேரும் வெண்டைக்காய் விலையிலிருந்து முழங்கால் வலி வரை பேசுவார்கள். அவர்கள் வீட்டு கம்போ என்கிற குழம்பிலும் வெண்டைக்காய்தானே. எப்படிப் புரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

வேலியோரம் நின்று நின்று, பிறகு படியில் உட்கார்ந்து, கடைசியில் திண்ணைக்கே போய்ச் சேர்ந்தேன். அந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவும் தரையைத் தொடாமல் குட்டைத் தூண்கள்மேல் நிற்கும். அடியில் வெற்றிடம், மேலே பலகை. பேஸின் அடியில் இருக்கும் இரும்பு முளை அந்தப் பலகையில் ஊன்றியிருப்பதால், வெறுங்காலோடு நின்றால் ஒவ்வொரு ஸ்வரமும் உள்ளங்காலில் ஏறும். எனக்கு அதுதான் முதல் பாடம் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் கிட்டத்தட்ட அதுவே: பேஸைத் தொடவிடவில்லை, அதன் முதுகில் காதை வைக்கச் சொன்னார். வர்ணிஷ் வாசனை, பழைய மரத்தின் புழுதி வாசனை, அவர் சட்டையில் இருந்த பெப்பர்மிண்ட் வாசனை. உள்ளே ஒரு பெரிய அறை திறந்துகொண்டது.

அது கே என்ற கம்பெனியின் பேஸ். சிகாகோவில் 1937 முதல் பிளைவுட்டில் செய்து விற்றார்கள். வாங்கக்கூடிய விலை, தூக்கிப்போட்டாலும் தாங்கும் உடம்பு. கெட்டி மரத்தைக் குடைந்து செய்த விலையுயர்ந்த பேஸ்கள் அந்த ஊர்ப் புழுக்கத்தில் விரிசல் விட்டுவிடும், பிளைவுட் அசையாது என்று பெருமையாகத் தட்டிக் காட்டுவார். முக்கால் அளவு என்றுதான் அதற்குப் பெயர். ஆனாலும் ஆறடி உயரம். எனக்காக ரூட் பீர் போத்தல் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் ஏறி நின்றால் என் தலை கழுத்துப் பலகையின் பாதிக்கு வந்தது. அந்தப் பெட்டியில் நின்றபோது தெருவே என் கட்டுப்பாட்டில் இருப்பதாக ஒரு எண்ணம் எனக்கு.

இடது கைக்கு ஆரம்பத்தில் வேலை கிடையாது. தந்திகள்மேல் லேசாகப் படுத்துக் கிடந்து ஓசையை அமுக்கினால் போதும். எல்லாம் வலது கையில். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து, விரல்பலகை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, தந்திக்கு அடியில் கொக்கியாக நுழைய வேண்டும். பலகையை விட்டு வெளியே இழுக்க வேண்டும். பிறகு விட வேண்டும். விட்ட தந்தி தானாகத் திரும்பி வந்து பலகையில் மோதும். ஸ்வரமும் மோதலும் ஒரே கணத்தில் பிறக்கும். அதற்கு அடுத்தபடி உள்ளங்கை தட்டையாகத் தந்திகள்மேல் விழ, அவை பலகையில் பட்டு 'டக்'. அந்த டக்குக்கு ஸ்வரம் கிடையாது, தாளம் மட்டும். நாலு எண்ணினால் ஒன்றிலும் மூன்றிலும் தொம், இரண்டிலும் நாலிலும் டக். ஸ்லாப் என்று இதற்குப் பெயர் இருப்பதால் எல்லாரும் இதை அடிக்கிற வித்தை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவரோ, "அடிக்காதே பேபி. இழு, விடு. அடிப்பதைத் தந்தி பார்த்துக்கொள்ளும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். சத்தத்தின் பெரும்பங்கு விடுவதில்தான் இருக்கிறது. எவ்வளவு தூரம் இழுத்து, எந்தக் கணத்தில் விடுகிறோம் என்பதை விரல் கற்றுக்கொள்ள ஒரு கோடை முழுக்கப் பிடித்தது.

தந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் கம்பி அல்ல, ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தது. மேலிரண்டும் வெறும் குடல் நரம்பு. கீழிரண்டும் நரம்புமேல் உலோகக் கம்பி சுற்றியது. கை பட்டுப் பட்டு நரம்பில் மீசை கிளம்பும். நகவெட்டியால் அந்த மீசையை நறுக்கிவிட்டு, துணியில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு மேலிருந்து கீழாக உருவி விடுவார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவாலயத்துக்குப் போய்வந்த உடுப்போடு அதைச் செய்வார், சட்டையில் எண்ணெய் படாமல். நான் இந்த விஷயத்தை வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னேன். ஆச்சிக்கு முகம் போன போக்கு! "ஆட்டுக் கொடலா? ஏட்டி, கையக் களுவிட்டு உள்ள வா." அம்மாதான் சமாதானம் சொன்னாள்: "மிருதங்கத்துல என்னம்மா இருக்கு? அதுவும் தோல்தான். நெல்லையப்பர் கோயில் தவிலும் தோல்தான்." ஆச்சி ரொம்ப நேரம் யோசித்தாள். மறுநாளிலிருந்து கை கழுவினால் போதும், குளிக்க வேண்டாம் என்று சட்டம் தளர்ந்தது.

விரல் நுனியில் கொப்புளம் வந்தது. பொங்கியது, உடைந்தது, எரிந்தது. ஆச்சி மஞ்சளைக் குழைத்து அப்பினாள். அவர் பிளாஸ்திரிச் சுருள் ஒன்றை எடுத்துத் தன் விரல்களில் எப்படிச் சுற்றுகிறார் என்று காட்டினார். நகக்கண்ணுக்குக் கீழே தொடங்கி, முதல் கணு மடங்குமாறு இடம் விட்டு, இறுக்காமல், தளர்த்தாமல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "நம்ம தவில்காரரு கூடு மாட்டிக்கிடுவாருல்லா, அது மாதிரியில்லா இருக்கு" என்று வியந்தாள். துணியையும் பசையையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்து, கச்சேரிக்கு முன் ஒவ்வொரு விரலாகக் கூட்டுக்குள் நுழைக்கிற தவில்காரரை அவள் சின்ன வயதில் சன்னதித் தெருவில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தாத்தாவின் வாத்தியத்துக்கு ஆச்சியிடம் மரியாதை கூடிவிட்டது. நான் வாசிக்கிறேனா என்று ஜன்னல் வழியே கண்காணிப்பதும் கூடிவிட்டது.

அடுத்து வந்தது மூன்று தட்டு. ஒரே எண்ணிக்கைக்குள் ஒரு இழுப்பு, இரண்டு தட்டு, மூன்றும் சமமாக. மணிக்கட்டு கொஞ்சம் இறுகினாலும் மூன்றாவது பின்தங்கி நொண்டும். அடுக்களைக்கு வந்து மேசையில் தட்டிக்கொண்டே இருந்தேன். தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா தோசைத் திருப்பியால் மேடையில் தட்டினாள்: "தகிட, தகிட, தகிட. திஸ்ரம்தானே இது? வாயால சொல்லு முதல்ல, கை பின்னால வரும்." அம்மா கல்யாணத்துக்கு முன் வாய்ப்பாட்டு படித்தவள். தகிட என்று சொல்லிக்கொண்டே படுத்தேன், பள்ளிக்கூட பஸ்ஸில் சொன்னேன், பல் தேய்க்கும்போது சொன்னேன். அடுத்த முறை பெட்டியில் ஏறி நின்று, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இழுத்து விட்டேன். மூன்றும் சமமாக விழுந்தன. அவர் கண்ணைத் திறந்து, என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் வாசித்தார், நான் சொன்னேன். நான் வாசித்தேன், அவர் சொன்னார், 'ட'வில் நாக்கைச் சுழற்றியபடி. அம்மா டபரா டம்ளரில் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் படியிலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டாள். அவ்வளவு வருஷம் கழித்து அம்மா யாருக்காவது தாளம் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலங்களில் கதை சொல்வார். கொசுவர்த்திப் புகை, எங்கேயோ சில்வண்டு, தூரத்தில் ரயில். பட்டி போல்டன் என்ற கார்னெட் வித்வானின் குழுவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் மிஞ்சியிருக்கிறது; அதிலேயே பேஸ்காரர் ஒருவர் நிற்கிறார் என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவார். முன்பெல்லாம் பேஸை வில்லால்தான் அதிகம் வாசித்தார்கள். பில் ஜான்சன் என்பவர் 1910களில் வடக்கு லூசியானாவுக்கு வாசிக்கப் போன இடத்தில் வில் ஒடிந்துபோக, மிச்சக் கச்சேரியைக் கையாலேயே முடித்தார், அது பிடித்துப்போய் அப்படியே தொடர்ந்தார் என்பது வாத்தியக்காரர்கள் சொல்லிவருகிற கதை. அந்த பில் ஜான்சனே 1923இல் கிங் ஆலிவரின் குழு இசைத்தட்டு போட்டபோது பேஸ் வாசிக்கவில்லை, பாஞ்சோ வாசித்தார். அக்காலத்து ஒலிப்பதிவுக் கொம்புக்குள் பேஸின் சத்தம் சரியாகப் போகாது. 1925இல் மின்சார மைக் வந்தபிறகுதான் பேஸ் தட்டில் தெளிவாக ஏறியது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இந்த வாசிப்பைக் கொண்டுபோனார்கள்: பாப்ஸ் ஃபாஸ்டர், ஸ்டீவ் பிரவுன், டியூக் எலிங்டனோடு வாசித்த வெல்மன் பிரோ. இந்தப் பெயர்களை அவர் சொல்கிற விதத்தில் எனக்கு அவர்களெல்லாம் ஜென்டிலியில்தான் எங்கேயோ குடியிருக்கிறார்கள் என்றே நினைப்பு.

ஒருமுறை எங்கள் எல்லாரையும் பிரிசர்வேஷன் ஹாலுக்கு அழைத்துப்போனார். செயின்ட் பீட்டர் தெருவில் 1961 முதல் நடக்கிற இடம். வர்ணம் உதிர்ந்த சுவர், சில பெஞ்சுகள், தரையில் மெத்தைத் துண்டுகள், மைக் கிடையாது. செஸ்டர் ஜார்டிஸ் என்ற பேஸ்காரர், 1900இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டியும் அந்தக் காலத்தில் அங்கே வாசித்துவந்தார். நாங்கள் போனபோது தாத்தா என்னை முன்வரிசைத் தரையில் உட்காரவைத்து, டிரம்பெட்டைப் பார்க்காதே, கிளாரினெட்டைப் பார்க்காதே, பேஸ்காரர் கையை மட்டும் பார் என்றார். பிறகு, ஜனங்களின் காலைப் பார் என்றார். பெஞ்சுக்குக் கீழே அத்தனை செருப்பும் ஷூவும் இரண்டிலும் நாலிலும் அசைந்துகொண்டிருந்தன. ஆச்சியின் ரப்பர் செருப்பும்.

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 1940களில் ஜாஸ் வேறு வழியில் போகத் தொடங்கியபோது, இந்த ஸ்லாப் வாசிப்பைப் பழைய பாணி, கோமாளித்தனம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய. ராக்கபில்லி என்கிற ஆரம்பகால ராக் இசைக்காரர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். 1954இல் மெம்பிஸில் எல்விஸின் முதல் தட்டில் டிரம்ஸே கிடையாது, பில் பிளாக்கின் பேஸ்தான் அந்த வேலையையும் செய்தது. ஆனால் பேஸைச் சுழற்றுவதும் அதன்மேல் ஏறி நிற்பதும்தான் ஸ்லாப் என்ற எண்ணமும் பரவிவிட்டது. அது சரியல்ல. மைக் இல்லாத கூடத்தில், மூன்று ஊது வாத்தியங்களுக்கு நடுவில், கடைசி மூலையில் ஆடுகிறவரின் காலுக்குத் தாளம் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு மனிதன் தன் விரலைப் புண்ணாக்கிக்கொண்டு கண்டுபிடித்த வழி இது. ஒரே கையால் ஸ்வரமும் மத்தளமும். இது வித்தை காட்டுவது அல்ல, உழைப்பு. பகலெல்லாம் சாந்து பூசிய கையோடு ராத்திரி விடியும்வரை ஊரை ஆடவைத்தவர்களின் உழைப்பு. நான் அவர்களில் ஒருவரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

வளர்ந்து படிக்க வெளியூர் போனேன். அவர் காலமான பிறகு அவர் மகள் அந்தக் கே பேஸை எனக்கே அனுப்பிவைத்தாள். 2005இல் கத்ரீனா புயலின்போது லண்டன் அவென்யூ கால்வாயின் சுவர் உடைந்து ஜென்டிலி தண்ணீருக்குள் போனது. அந்தத் திண்ணையும் எங்கள் அடுக்களையும் இப்போது இல்லை. ஆச்சி அதற்கு முன்பே ஊருக்குப் போய், ஊரிலேயே கண்ணை மூடினாள். பேஸ் என்னிடம் இருக்கிறது. குடல் நரம்புதான் இன்னும் போட்டிருக்கிறேன், ஆலிவ் எண்ணெய்தான் தடவுகிறேன். என் பையனுக்கு இழுத்து விடச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். தகிட அவனுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, அம்மா போனில் சொல்லிக்கொடுத்தாள்.

இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். லூயி ஆம்ஸ்ட்ராங் 1929இல் பதிவுசெய்த 'மஹோகனி ஹால் ஸ்டாம்ப்' கிடைத்தால் கேளுங்கள். அதில் பேஸ் பாப்ஸ் ஃபாஸ்டர். பிறகு கேப் காலோவே குழுவின் 'பிளக்கின் த பேஸ்', 1939, மில்ட் ஹிண்டன் வாசித்தது. ஒருமுறை டிரம்பெட்டையும் மற்றதையும் கேட்டுவிட்டு, அடுத்தமுறை பேஸை மட்டும் கூடவே நடந்து கேளுங்கள். தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் பேஸ் வராது.